யாருடைய படம்? 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' குறித்துச் சில குறிப்புகள்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி எழுத உட்காரும்போது நமது விமர்சகர்களின் பேனாவில் இரக்கம் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இவ்வளவு சிறிய பணத்தில் இவ்வளவு செய்திருக்கிறார்களே என்ற வியப்போடு கட்டுரை முடிந்துவிடும். படம் நன்றாக அமைந்தால் அது நெறியாளரின் மேதைமை. சரியாக அமையாவிட்டால் அது பணமின்மை. பணமில்லாமை ஒரு படைப்பின் உள்ளே புகுந்து என்னதான் செய்கிறது, யார் யாருடைய கைகளை அதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது என்ற கேள்வி அநேகமாகக் கேட்கப்படுவதேயில்லை. அதைக் கேட்பதற்கு ஜோர்ஜ் ரொமேரோவின் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' (1968) நல்லதொரு வாய்ப்பு. விஞ்ஞானப் புனைவையும் திகிலையும் கலந்து, ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் டொலர் அளவில் எடுத்து முடிக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. அதே ஆண்டில் வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு ஒரு கோடி டொலருக்கும் மேல் செலவானது என்பதை நினைவிற் கொண்டால் இடைவெளி புரியும்.

இப்படத்தை முதன்முதலில் நான் பார்த்தது வீடியோ கசற்றில். பிரதி எடுத்த பிரதியை மீண்டும் பிரதி எடுத்தது. முகங்கள் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடந்தன. எவை பிணங்கள், எவர் மனிதர் என்று அடையாளம் காண்பதே சில இடங்களில் சிரமமாக இருந்தது. அப்போது அதைக் கசற்றின் குறை என்று நினைத்தேன். படத்தின் முடிவைக் கண்டபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வந்த அண்ணனையும் தங்கையையும் ஒரு மனிதன் தாக்குகிறான். அண்ணன் ஜொனி விழுந்துவிட, தங்கை பார்பரா தப்பியோடி ஒதுக்குப்புறமான பண்ணைவீடொன்றில் நுழைகிறாள். அங்கு பென் என்ற கறுப்பின இளைஞன் வந்து சேர்கிறான். நிலவறைக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஹரி கூப்பர், அவர் மனைவி ஹெலன், கடியுண்டு கிடக்கும் அவர்களது சிறுமி, டொம், ஜூடி என்ற இளஞ்சோடி, இவ்வளவுபேர்தான். வெளியே செத்தவர்கள் எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தின்ன அலைகிறார்கள். உள்ளே, மேல்மாடத்தில் நின்று யன்னல்களுக்குப் பலகை அடிப்பதா, நிலவறைக்குள் இறங்கிக் கதவை மூடிக்கொள்வதா என்று பென்னும் கூப்பரும் இரவு முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள். விடிவதற்குள் பென்னைத் தவிர எல்லோரும் இறந்துபோகிறார்கள். விடிந்ததும் பென்னும்.

ரொமேரோவும் நண்பர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். சவர்க்காரத்துக்கும் பியருக்கும் ஒரு நிமிடப் படம் எடுத்துச் சலித்துப்போன அவர்களில் பத்துப்பேர் தலைக்கு அறுநூறு டொலர் வீதம் போட்டு ஆரம்பித்ததுதான் 'இமேஜ் டென்' என்ற தயாரிப்புக் கூட்டு. 1967இன் நடுப்பகுதியில் படப்பிடிப்புத் தொடங்கியது. விளம்பர வேலை வந்தால் படப்பிடிப்பு நிற்கும். கையில் காசு சேர்ந்தால் மறுபடி நடக்கும். பிட்ஸ்பேர்க்கிற்கு வடக்கே எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூரில், இடிக்கப்படவிருந்த ஒரு வீடு அவர்களுக்குக் கிடைத்தது. இடிக்கப்போகிற வீடென்றபடியால் ஆணி அடிக்கலாம், கதவை உடைக்கலாம், சுவரைப் பாழாக்கலாம். படத்தில் பென் பலகை அடிக்கும் ஓசையில் இருக்கும் தயக்கமின்மை அந்த வீட்டின் கதியிலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அவ்வீட்டின் நிலவறை படப்பிடிப்புக்கு உதவாததால் நிலவறைக் காட்சிகள் பிட்ஸ்பேர்க்கில் அவர்களது நிறுவனக் கட்டடத்தின் அடித்தளத்தில் எடுக்கப்பட்டன.

இரத்தத்துக்குப் பதிலாக 'பொஸ்கோ' சொக்லட் பாகு. கறுப்பு வெள்ளையில் அது இரத்தத்தைவிட இரத்தமாகத் தெரிகிறது. பணம் போட்டவர்களில் ஒருவர் இறைச்சிக்கடைக்காரர். குடலும் ஈரலும் அவர் கடையிலிருந்து வந்தன. ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய கார்ல் ஹார்ட்மனும் மெரிலின் ஈஸ்ட்மனும் பணமும் போட்டார்கள், ஒப்பனையும் செய்தார்கள், கூப்பராகவும் ஹெலனாகவும் நடித்தார்கள். நிலவறையில் கிடக்கும் சிறுமி ஹார்ட்மனின் சொந்த மகள். பின்னணி இசை புதிதாக அமைக்கப்பட்டதல்ல. இசை நூலகமொன்றில் மலிவாகக் கிடைத்த, பழைய படங்களில் பயன்பட்ட துண்டுகள். பார்பரா ஓட்டிச் செல்லும் கார் தயாரிப்பாளர்களில் ஒருவருடைய தாயாரின் கார். படப்பிடிப்பு இடைவெளியில் யாரோ அதில் மோதி நசுக்கிவிட்டார்கள். நசுங்கலைத் திருத்தப் பணமில்லை. அதனால் கார் மரத்தில் உரசி நிற்பதாகக் காட்சியை மாற்றிக்கொண்டார்கள். பார்பராவின் பதற்றத்துக்கு அந்த மரம் எவ்வளவு பொருத்தமாக வந்து வாய்த்திருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு, அதன் பின்னால் ஒரு கராஜ் கணக்கு இருப்பது தெரியாது.

இத்தகைய கதைகள் சுவையானவை. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால் நாமும் இரக்க விமர்சனத்துக்குத்தான் திரும்புகிறோம்.

படத்தின் விஞ்ஞானப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இறந்தவர்கள் எழுவதற்கான காரணம், வெள்ளிக் கிரகத்துக்குச் சென்று திரும்பிய செய்மதியொன்று கொண்டுவந்த கதிர்வீச்சாக இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. செய்மதியை நாம் காண்பதில்லை. ஆய்வுகூடம் இல்லை, கண்ணாடிக் குழாய்கள் இல்லை. வீட்டிலிருக்கும் வானொலிப் பெட்டியும், பிறகு மாடியிலிருந்து இறக்கிவரும் தொலைக்காட்சிப் பெட்டியும்தான் விஞ்ஞானத்தைக் கொண்டுவருகின்றன. தொலைக்காட்சியில் ஒரு விஞ்ஞானி கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார். அருகில் நடந்துவரும் இராணுவ அதிகாரி அது நிரூபிக்கப்படவில்லை என்று வெட்டுகிறார். வோஷிங்டன் தெருவில் எடுக்கப்பட்ட அந்தத் துண்டில் கேள்வி கேட்டுத் துரத்தும் நிருபர்களில் ஒருவராக ரொமேரோவே வருகிறார். உண்மையான உள்ளூர்த் தொலைக்காட்சி முகமான பில் கார்டில் நிருபராக நடிக்கிறார். முதலில் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்கிறது அறிவிப்பு; பிறகு பாதுகாப்பு நிலையங்களுக்குச் செல்லுங்கள் என்கிறது. அதை நம்பி வெளியே இறங்கியதில்தான் டொம்மும் ஜூடியும் பெற்றோல் பம்பியருகே எரிந்து சாகிறார்கள். ஊரடங்கு நாட்களில் வானொலிக்குக் காது கொடுத்துக் கிடந்த நமக்கு, இந்தப் படத்தின் விஞ்ஞானம் ஏன் ஒரு பெட்டிக்குள்ளிருந்து முரண்பட்டு முரண்பட்டுப் பேசுகிறது என்று விளக்கத் தேவையில்லை. காட்டப் பணமில்லாததால் செவிவழியாக வந்த விஞ்ஞானம், காட்டப்பட்ட விஞ்ஞானத்தைவிட நம்பகமாக இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். இன்று உலகம் முழுவதும் 'ஸொம்பி' என்று அழைக்கப்படும் இந்த உருவங்களை அப்படம் ஓரிடத்திலும் அச்சொல்லால் குறிப்பதில்லை. அதில் வரும் சொல் 'கூல்'. அது நமக்குப் பரிச்சயமான அரபுச் சொல். பாலைநிலப் பயணியை வழிதவறச் செய்து கொல்லும், உருமாறும் ஒரு பிராணியாகவே பழைய அரபு மரபில் 'கூல்' வருகிறது. இஸ்லாத்துக்கு முற்பட்ட கவிஞரான தஅப்பத ஷர்ரன் தான் ஒரு கூலைக் கொன்றதாகப் பாடியிருக்கிறார். கல்லறையைத் தோண்டிப் பிணம் தின்னும் குணம், பதினெட்டாம் நூற்றாண்டில் அந்துவான் கலான் 'ஆயிரத்தொரு இரவுக'ளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தபோது அதன்மேல் ஏற்றப்பட்டது என்று ஆய்வாளர்கள் காட்டுகின்றனர். பிணம் தின்னும் பிராணியை ரொமேரோ மேலும் ஒருபடி புரட்டி, பிணமே தின்னும் பிராணியாக்கினார். அதற்கு அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தூண்டல் ரிச்சர்ட் மத்திசனின் 'ஐ ஆம் லெஜெண்ட்' (1954) நாவல். ஆனால் வழிதவறச் செய்யும் அந்தப் பழைய பாலைவனக் குணம் இப்படத்தில் முற்றாக அற்றுப்போய்விடவில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருவரையொருவர்தான் வழிதவறச் செய்கிறார்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

இப்படம் கறுப்பின மக்களின் போராட்டக் காலத்தின் உருவகமாகப் பரவலாக வாசிக்கப்படுகிறது. மறுபுறம், பென் கறுப்பினத்தவன் என்று திரைக்கதையில் எங்குமில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் மிகச் சிறந்த நடிகர் என்பதால்தான் அவரைத் தெரிந்தோம் என்று ரொமேரோ தன் இறுதிக்காலம் வரை திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். அவர் சொன்னது பொய்யல்ல. இதை வைத்துக்கொண்டு, படைப்பாளி நினைக்காததை விமர்சகர்கள் ஏற்றிச் சொல்கிறார்கள் என்று வாதிடுவோர் உண்டு. நமது கூட்டங்களிலும் கவிதை பற்றிய பேச்சில் இந்த வாதம் அடிக்கடி எழும். எழுதியவரே மேடையில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இவ்வாதத்தின் பிழை, படைப்பாளி என்பவர் நெறியாளர் ஒருவர்தான் என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. திரைக்கதையில் பென் ஒரு முரட்டு லொறிச் சாரதி, கொச்சையாகப் பேசுபவன். ஜோன்ஸ் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகப் பட்டதாரி, இலக்கியமும் நாடகமும் அறிந்தவர். அந்தப் பேச்சைப் பேச அவர் இணங்கவில்லை. தன் வசனங்களைத் தானே மாற்றினார். பெரிய படப்பிடிப்பில் ஒரு புதுமுக நடிகருக்கு இது வாய்க்குமா? வசனகர்த்தாவும் தயாரிப்பு நிறுவனமும் விட்டிருக்கமாட்டார்கள். இங்கே விட்டார்கள். எல்லோரும் எல்லாம் செய்த இடத்தில், நடிகர் தன் வசனத்தைத் திருத்துவதும் பலகை அடிப்பதுபோல ஒரு வேலையாகிவிட்டது.

பென் பார்பராவுக்குத் தான் வந்த வழியைச் சொல்லும் காட்சியைப் பாருங்கள். தீப்பற்றிய பெற்றோல் லொறியொன்று தெருவைக் குறுக்கறுத்து வந்ததையும், அவை அதைத் துரத்தித் தொங்கியதையும், தான் அவற்றின் நடுவே வாகனத்தைச் செலுத்தி வந்ததையும் அவன் சொல்கிறான். வசதியான தயாரிப்பென்றால் லொறியை எரித்துக் காட்டியிருப்பார்கள். இங்கே இருப்பது ஒரு மனிதனின் குரல் மாத்திரம். ஜோன்ஸ் அதை அவசரமில்லாமல், ஏறக்குறையத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவள் கேட்கவில்லை என்பது தெரிந்தும் சொல்லி முடிக்கிறார். ஒரு கறுப்பின மனிதன் கண்டதை ஒரு வெள்ளைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்க, அவள் காதில் அது ஏறவில்லை: இதைத் திரைக்கதை திட்டமிடவில்லைதான். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவருக்கு அது தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தது என்று நான் ஊகத்தில் சொல்லவில்லை. பார்பராவை அடித்து விழுத்தும் காட்சியில் அவர் தயங்கியதைப் படக்குழுவினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கறுப்பினத்தவன் வெள்ளைப் பெண்ணை அடிப்பதைக் கண்டு திரையரங்கில் என்ன நடக்கும் என்று அவர் கேட்டார். மற்றவர்கள் காலம் மாறிவிட்டது என்று நம்பிய இளைஞர்கள். பிற்காலத்து நேர்காணலில் ஜோன்ஸ் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். படப்பிடிப்பு முடிந்து வீடு திரும்பும்போது, வாகனமொன்றில் வந்த வெள்ளை இளைஞர்கள் டயர் கழற்றும் இரும்புக் கம்பியை ஆட்டிக்கொண்டு அவரைத் துரத்தினார்கள். படத்தில் பென் பிணங்களை அடித்து விரட்டுவது அதே வகைக் கம்பியால். பகலில் அதைப் பிடித்து நடித்துவிட்டு வந்த மனிதரை நோக்கி வெளியே அது நீட்டப்படுகிறது. தாங்கள் படத்தில் செய்துகொண்டிருந்த எந்த உருவகத்தையும்விட நாட்டின் இனவெறிக் கொடுங்கனவு மோசமானதாக இருந்தது என்ற பொருளில் அவர் அதை விபரிக்கிறார். இந்த நேர்காணலை வாசித்தபிறகு, பென்னின் கையிலுள்ள கம்பியை வெறும் படப்பிடிப்புச் சாமானாக என்னால் பார்க்க முடியவில்லை.

முடிவைப் பற்றியும் அவருக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. பென் உயிர்பிழைப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, நடந்துகொண்டிருப்பவற்றுக்கெல்லாம் பிறகு மலிவான ஒரு காப்பாற்றலைவிடத் தான் சாவதையே கறுப்பின மக்கள் பார்க்க விரும்புவார்கள் என்று வாதாடியதாக அவரே கூறியிருக்கிறார். விநியோக நிறுவனமொன்று நம்பிக்கையான முடிவை எடுத்துச் சேர்த்தால் படத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னபோதும் குழுவினர் மாற்றவில்லை. கடனோடு, விற்காத படத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுத்தார்கள். முடிந்த படத்தை நியூயோர்க்கில் காட்டுவதற்காகக் காரில் எடுத்துச் சென்றுகொண்டிருந்த இரவில்தான், 1968 ஏப்ரல் 4ஆம் திகதி, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்வார்.

அந்த முடிவு: இரவு முழுவதும் வேண்டாமென்று வாதாடிய நிலவறைக்குள்தான் பென் இறுதியில் தஞ்சமடைகிறான். காலையில் நாய்களும் துப்பாக்கிகளுமாக ஷெரிபின் கூட்டம் வயல்வெளியைத் துடைத்துக்கொண்டு வருகிறது. சத்தம் கேட்டு மேலே வந்து யன்னலால் எட்டிப் பார்க்கும் பென்னின் நெற்றியில் குண்டு பாய்கிறது. யாரும் அவனைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அதன்பின் படம் ஓடுவதை நிறுத்திவிடுகிறது. பத்திரிகைப் புகைப்படங்கள் போன்ற புள்ளி விழுந்த நிழற்படங்களாகக் கொக்கிகளும், தூக்கிச் செல்லப்படும் உடலும், விறகுக் குவியலும் வருகின்றன. நிழற்படம் அசையும் படத்தைவிட மலிவு. இந்தச் சிக்கனத்தை எந்தச் செலவாலும் ஈடுசெய்ய முடியாது. அசையும்போது கதாநாயகனாக இருந்தவன் அசையாதபோது ஆவணக்காட்சியில் பெயரற்ற ஓர் உடலாகிவிடுகிறான். 1967 ஜூலையில் நியூவார்க்கிலும் டிற்றொயிற்றிலும் நடந்தவற்றைக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்த மக்களுக்கு அந்தப் படங்கள் எதை நினைவூட்டியிருக்கும்?

படம் பென்னைப் புனிதனாக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கவேண்டும். கூப்பர் கோழை, சுயநலவாதி, கத்துகிறவர். ஆனால் நிலவறை விடயத்தில் அவர் சொன்னதுதான் சரியாகிறது. பென்னின் திட்டம் டொம்மையும் ஜூடியையும் கொல்கிறது. கூப்பரைச் சுடுவதும் பென்தான். நம்மில் பலர் ஒடுக்கப்பட்டோரைப் பற்றி எழுதும்போது அவர்கள் பிழைவிடவே கூடாதென்று பேனாவைக் கட்டிப்போட்டுக்கொள்கிறோம். அதனால் நம் கதைகளில் அவர்கள் மனிதர்களாகவே வருவதில்லை. பிழைவிட்டவனாக இருந்தும் பென்னின் மரணம் அநியாயமாகவே நிற்கிறது.

குறைகள் இல்லையா? உண்டு. பார்பராவைப் பாதிப் படத்துக்குச் சோபாவில் பேச்சற்றவளாகக் குந்தவைத்துவிட்டார்கள். ஜூடிக்குக் காதலனைப் பின்தொடர்ந்து ஓடிச் சாவதைத் தவிர வேலையில்லை. ஹெலன் மட்டுமே கணவனை முகத்துக்கு நேரே அளந்து பேசுகிறாள். பணமின்மையை இதற்குக் காரணம் சொல்ல முடியாது. ஒரு பெண் பேசுவதற்குச் செலவு ஏதுமில்லை. ரொமேரோவுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். டொம் சவினி நெறியாள்கை செய்த 1990ஆம் ஆண்டு மறுஆக்கத்துக்கு ரொமேரோ எழுதிய திரைக்கதையில் பார்பரா துப்பாக்கி தூக்கிப் போராடுகிறாள். அந்தப் படம் வர்ணத்தில், செய்நேர்த்தியோடு இருக்கிறது. இருந்தும் இரண்டாந்தடவை பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

1968 ஒக்டோபர் 1ஆம் திகதி பிட்ஸ்பேர்க்கில் படம் திரையிடப்பட்டது. அமெரிக்காவில் வயதுக்கேற்பப் படங்களைத் தரப்படுத்தும் முறை அதற்கு அடுத்த மாதந்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பகற்காட்சிகளில் சிறுவர்கள் நிறைந்திருந்தார்கள். அரங்கில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றி விமர்சகர் ரொஜர் ஈபேர்ட் 1969இன் தொடக்கத்தில் எழுதியது, படத்தைவிடத் திரையரங்கைப் பற்றிய விமர்சனம்.

பணமின்மையின் கடைசி அடி விநியோகத்தில் விழுந்தது. படத்துக்கு முதலில் வேறொரு தலைப்பு இருந்தது. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமை அறிவித்தல் புதிய தலைப்பில் சேர்க்கப்படாமல் விடுபட்டது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி அறிவித்தல் இன்றி வெளியான படைப்பு பொதுச்சொத்து. யாரும் பிரதி எடுக்கலாம், விற்கலாம். பல கோடி டொலர்களை ஈட்டிய படத்திலிருந்து, எடுத்தவர்களுக்குக் கிடைத்தது அற்பம். எனக்குக் கிடைத்த அந்த வெளிறிய கசற்றும் அவ்வழியால் வந்ததுதான். உரிமையை இழந்ததால் படம் பரவியது என்று இன்று எளிதாகச் சொல்கிறார்கள். நமது எழுத்தாளர்களின் கதைகளும் கவிதைகளும் அனுமதியின்றி எடுத்துப் போடப்படும்போதும் இதே ஆறுதல்தான் சொல்லப்படுகிறது. எழுதியவனுக்கு அது ஆறுதலல்ல.

1999இல் இப்படம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2016இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் மூல நெகட்டிவிலிருந்து அதைச் செப்பனிட்டு வெளிக்கொணர்ந்தது. அந்தப் பிரதியில் பார்த்தபோதுதான் ஜோன்ஸின் முகத்தில் எத்தனை சிறிய அசைவுகள் இருந்தன என்று கண்டேன்; கசற்றில் அவை எல்லாம் கரைந்துபோயிருந்தன. ரொமேரோ 2017இல் காலமானபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஜோன்ஸ் 1988இல், ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். நாடகம் கற்பித்தும் மேடையேற்றியும் வாழ்ந்த அவர், திரையில் பென் என்ற பெயரால் மட்டும் அறியப்படுவதை விரும்பியவரல்லர்.

அவர் பிரதான பாத்திரமேற்ற இன்னொரு சிக்கனப் படம் உண்டு. பில் கன் என்ற கறுப்பின நெறியாளரின் 'கஞ்சா அன்ட் ஹெஸ்' (1973). இரத்தக்காட்டேரிப் படமொன்றை மலிவாக எதிர்பார்த்த தயாரிப்பாளர்களுக்கு, அடிமைத்தனத்தையும் இரத்தத் தாகத்தையும் பற்றிய கனவுபோன்ற ஒரு படம் கிடைத்தது. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அது காட்டப்பட்டது. ஊருக்குத் திரும்பியதும் அதை வெட்டிக் கொத்தி, வேறு தலைப்பில் வெளியிட்டார்கள். வெட்டப்படாத ஒரு பிரதி அதே நியூயோர்க் அருங்காட்சியகத்தில் தப்பிக் கிடந்தது. இன்று அதையும் பார்க்கலாம். முதற்காட்சிகளில் ஜோன்ஸ் பேசாமல் நடந்து வருவதைக் கவனியுங்கள்.